மூன்று பனி வண்டிகளும் ஒரு மாப்பிள்ளையும்

"எனக்குத் தெரியும்" என்று ஓர் ஆண் சபையில் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவனை யாராலும் காப்பாற்ற முடியாது. இரண்டு ஆண்கள் ஒரே சபையில் ஒருவரையொருவர் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான். என் அக்கா துளசியின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, கனடாவிலிருந்து வந்து இறங்கியிருந்த மாப்பிள்ளையை நான் ஒரு மலைச்சரிவில் கைநழுவ விட்டேன். (அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. என் இரண்டு கைகளும் அவருடைய இடுப்பைப் பிடித்திருந்தன. பிறகு பிடித்திருக்கவில்லை.)

அப்போது நான் சூரிச்சிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு கார் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒயில் மாற்றுவேன், டயர் மாற்றுவேன், பிரேக் பார்ப்பேன். இந்த மூன்றும் தெரிந்ததால் உலகத்தில் எஞ்சின் பூட்டிய எதுவும் எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. கல்யாணமாகாத தம்பி என்பதால் மாப்பிள்ளைத் தோழன் பதவியும் எனக்கே வந்திருந்தது. எங்கள் வழக்கத்தில் தோழன் என்றால் மாப்பிள்ளையின் நிழல். அவரை வீட்டிலிருந்து அழைத்துவர வேண்டும், மண்டப வாசலில் கால் கழுவ வேண்டும், மணவறையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது மாப்பிள்ளையைச் சேதமில்லாமல் கொண்டுவந்து அக்காவிடம் ஒப்படைப்பது என் பொறுப்பு. அம்மா இதை எனக்கு வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பொன்னுருக்கல். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்கும் சடங்கு அது. கனடாக்காரர்கள் ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தார்கள். பொன் உருகிவிட்டால் அதன் பிறகு கல்யாணம் வரைக்கும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. இருவரும் வீட்டைவிட்டு வெளிக்கிடவும் கூடாது. கண்ணூறு படும், கால் தடுக்கும், ஏதாவது நடக்கும். நான் இதையெல்லாம் நம்புகிறவன் அல்லன். (இப்போது நம்புகிறேன்.)

பொன் உருகியது, ஐயர் போனார், சாப்பாடு வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நிரோஷன், அதாவது என் வருங்கால அத்தான், யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதையோ நீங்கள் ஸ்னோ எண்டு சொல்லுறனீங்கள்? எங்கட பக்கம் இதுக்குத் தொப்பியும் போடமாட்டம்."

கனடாக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இந்த நாட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. ஆனால் அதன் பனியை ஒருவர் குறைவாகப் பேசியதும் ஆல்ப்ஸ் மலையே என் சீதனக் காணி என்பதுபோல ரோசம் வந்துவிட்டது.

அத்தானின் தாய், எனக்கு மாமி, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "எங்கட நிரோஷன் அங்க ஸ்னோமொபைலெல்லாம் ஓடுறவர். விண்டர் வந்தா வடக்கப் பக்கம் போயிடுவார். வீட்டில பிடிக்கேலாது."

ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள் மாதிரி. முன்னால் சில்லுக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் சில்லுக்குப் பதில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு றப்பர் பட்டி. அதை அதுவரை நான் தொட்டதுகூட இல்லை. ஆனால் கைத்தொலைபேசியில் நிறையப் பார்த்திருந்தேன். தாடி வைத்த மனிதர்கள் ஒரு வண்டியையும் இன்னொரு வண்டியையும் ஓட்டிப் பார்த்து, எது வளைவில் எப்படி, எது ஆழப் பனியில் எப்படி என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான் படுத்திருந்து மிக்சர் சாப்பிட்டபடி அவர்களுடைய கருத்துகளோடு உடன்படுவேன்; சில இடங்களில் மாறுபட்டும் இருக்கிறேன்.

"கனடா தட்டையெல்லோ அத்தான்," என்றேன். "தட்டையில ஆரும் ஓடலாம். மலையில ஓடுறதுதான் ஓட்டம்."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீர் ஓடுவீரோ?"

"ஓம். கிழமைக்கு ஒருக்கா ஓடுறனான்."

ஞாயிற்றுக்கிழமையில் வெறும் போத்தலைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டாலே சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்யும் நாடு இது. இங்கே ஒருவனைக் கிழமைக்கு ஒரு தடவை ஸ்னோமொபைலில் மலையேற விடுவார்களா என்று அந்தச் சபையில் ஒருவராவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. யாரும் மறுக்காததில் தைரியம் கூடி, வாயை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் இன்னும் அகலமாகத் திறந்தேன்.

"நாளைக்கே வாங்கோவன் அத்தான். மேல மலையில மூண்டு விதமான மெசின் கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கினம். ஓடிப் பாத்து எது திறமெண்டு நீங்களே சொல்லுங்கோ."

இது மட்டும் உண்மை. மலை விடுதிக்காரர்களும் சறுக்குப் பாதை வேலைக்காரர்களும் வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு வியாபாரி அந்த வெள்ளிக்கிழமை வண்டிகளை மேலே கொண்டுவருவதாக இருந்தது. எங்கள் கராஜ் முதலாளி எனக்கு அதற்கான நுழைவுச் சீட்டுகள் தந்திருந்தார். கேபிள் காரும் அதில் அடக்கம். இரண்டை ஆசைக்காக வைத்துக்கொண்டு, மிச்சத்தை முந்திய கிழமையே அக்காவிடம் கொடுத்து, "எனக்குக் கல்யாண வேலை கிடக்கு, உன்ர சிநேகிதப் பெட்டையளுக்குக் குடு" என்று சொல்லி அதை அப்படியே மறந்துவிட்டேன்.

அத்தானின் முகம் வெளிறியது. கனடாவில் வெயில் குறைவு, அதனால்தான் என்று நினைத்தேன். அவர் என்னைத் தனியே அழைத்து, "பொன்னுருக்கினாப் பிறகு வெளிக்கிடக் கூடாதெண்டு அம்மா சொல்லுவா," என்றார். இன்று யோசித்தால் அது ஒரு மனிதனின் அபயக்குரல். அன்று எனக்கு அது ஒரு சின்ன நிர்வாகப் பிரச்சினையாகத்தான் தெரிந்தது. நேரே மாமியிடம் போய், "மாமி, தலைப்பாகை அளவு பாக்க நாளைக்கு அத்தானைச் சூரிச்சுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்," என்றேன். தலைப்பாகை என்றதும் மாமி இளகிவிட்டார். "தனிய மட்டும் விட்டிடாதேங்கோ தம்பி," என்றார்.

மறுநாள் கேபிள் காரில் ஏறும்போது அத்தான் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. கீழே மரங்கள் சிறுத்துக்கொண்டே போயின. அவர் ஓட்டத்துக்கு மனதைத் தயார்ப்படுத்துகிறார் என்று நான் நினைத்தேன். நானும் அதைத்தான் செய்கிறேன் என்று அவர் நினைத்தாராம்.

மேலே ரூடி என்று ஒருவர் நின்றார். மீசையில் பனி உறைந்த, அதிகம் சிரிக்காத மனிதர். அவர்தான் வண்டிகளுக்குப் பொறுப்பு. "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கனடா."

ரூடியின் முகமே மாறிவிட்டது. சிதம்பரத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எங்கள் கோயில் ஐயர் எப்படி எழுந்து நிற்பாரோ அப்படி நின்றார். எங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடத்தில் பாதியை அந்த ஒரு சொல்லுக்காகவே விட்டுவிட்டார்.

முதல் வண்டி பாரம் இழுக்கும் ரகம். மலை விடுதிகளுக்கு அரிசி மூட்டையும் பியர்ப் பெட்டியும் ஏற்றிப் போவது. அகலமான பட்டி, இரண்டு பேர் உட்காரும் ஆசனம், பின்னால் போகும் கியர். அத்தான் ஓட்ட நான் பின்னால் ஏறினேன். சும்மா சொல்லக் கூடாது, எருமை மாடு மாதிரி சாதுவான வண்டி. குழி வந்தால் அசையாது, மேடு வந்தால் பதறாது. வளைவில் மட்டும் கைப்பிடியைத் திருப்பினால், கேட்டதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அதுவரைக்கும் நேராகவே போய்க்கொண்டிருக்கும். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வண்டியில் எந்த முட்டாளுக்கும் ஒன்றும் ஆகாது என்பதை நாங்கள் எங்கள் திறமையென்று எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது, சுற்றுலா ரகம். சறுக்குக் கட்டைகள் அகலமாக விலகி நின்றன. முன்னால் காற்றுக் கண்ணாடி, சூடாகும் கைப்பிடி. உருட்டிச் சமப்படுத்திய பனியில் அது கார் மாதிரி ஓடியது. திருப்பினால் திரும்பியது, நிறுத்தினால் நின்றது. அதை ஒருவர் மாறி ஒருவர் ஓட்டினோம். இங்கேதான் வினை தொடங்கியது.

அத்தான் ஆசனத்தின் கடைசி நுனிக்குப் போய், இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி, சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் இருந்து ஓட்டினார். காணொளிகளில் தாடிக்காரர் ஒருவர்கூட அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. ஆகா, இதுதான் கனடா முறை போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். என் முறை வந்ததும் நானும் ஆசன நுனிக்குப் போய்க் காலை நீட்டினேன். ஆனால் வளைவு வந்ததும் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் என் உடம்பு தானாகவே வெளிப்பக்கம் சாய்ந்தது. வண்டி இடப்பக்கம் திரும்ப நான் வலப்பக்கம் தொங்கினேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தான், ஓகோ, ஆல்ப்ஸ் மலையில் இப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவு செய்தாராம். அடுத்த சுற்றில் அவரும் வெளிப்பக்கம் சாய்ந்தார். அவர் சாய்வதைக் கண்டு, நான் தற்செயலாகச் சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று நானும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிப் பழகி, கடைசியில் இருவரும் ஒரே அச்சில் வார்த்ததுபோலப் பிழையாக ஓட்டத் தொடங்கினோம்.

ரூடி மீசையைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தார். "இந்த முறையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கனடாவில் இப்படியா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"யா, யா," என்றேன்.

மூன்றாவதுதான் மலை ரகம். பார்க்க ஒல்லியாக, பட்டினி கிடந்த நாய் மாதிரி நின்றது. சறுக்குக் கட்டைகள் இரண்டும் நெருங்கியிருந்தன. நீளமான பட்டியில், ஆழப் பனியைக் கிண்டி ஏறுவதற்கு விரல் நீளத்தில் றப்பர்ப் பற்கள். இதைக் கைப்பிடியால் அல்ல, உடம்பால்தான் திருப்ப வேண்டும் என்று ரூடி விளக்கினார். உட்காரக் கூடாது, எழுந்து நிற்க வேண்டும். சரிவில் குறுக்கே போகும்போது மலையின் பக்கம் பாரத்தைப் போட வேண்டும். பள்ளத்தின் பக்கம் சாய்ந்தால் கதை முடிந்தது. சமநிலத்தில் மட்டும் ஓடுங்கள், ஓர் ஆள் மட்டும் ஏறுங்கள், இந்தப் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுகிறவர் தன் சட்டையில் கொளுவ வேண்டும், விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் தானாக நிற்கும். அத்தானுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவன் நான். ஒரு கனடாக்காரருக்குப் போய் இதையெல்லாம் சொன்னால் அவமதிப்பாக இருக்குமே என்று, "கவனமாகப் போகட்டாம்" என்று சுருக்கிச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் அழைப்பு.

"மாப்பிளை பக்கத்தில நிக்கிறாரோ?"

"ஓம் அம்மா."

"தனிய விட்டிடாதை. கண்ணுக்கு முன்னால வைச்சிரு. அக்காவும் எங்கயோ முகத்துக்கு என்னவோ பூசப் போறனெண்டு போயிட்டாள். எனக்கு மனம் சரியில்லை."

தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை நான். ரூடி இன்னொரு வாடிக்கையாளர் பக்கம் திரும்பியதும், ஒருவர் மட்டும் ஏற வேண்டிய அந்த வண்டியில், ஆசனமே இல்லாத பின்பக்கத்தில் தொற்றி ஏறி அத்தானின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் போட்டிருந்தது சித்தப்பாவின் பழைய கோட். கயிற்றைக் கொளுவ அதில் ஒரு வளையமும் இல்லை. ஆகவே அதை என் ஜாக்கெட்டில் கொளுவினேன். ஒரு மெக்கானிக்கின் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

மோட்டார் சைக்கிளில் என்றால் கைப்பிடியை முறுக்குவோம். இதில் வலது பெருவிரலுக்குக் கீழே சின்னதாக ஒரு நெம்பு. அதை அமத்தினால் வண்டி பாயும். மற்ற இரண்டு வண்டிகளிலும் அதே நெம்புதான். ஆனால் அவை பெருவிரலுக்கு மரியாதையாகப் பதில் சொன்னவை. இது பாய்ந்தது. பாய்ந்ததும் அத்தான் பயந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தால் பெருவிரலும் சேர்ந்துதானே இறுகும்? இன்னும் பாய்ந்தது. இன்னும் பயந்தார். சமநிலம் முடிந்து எங்களுக்கு முன்னால் மலை நிமிர்ந்து நின்றது.

"அத்தான், விடுங்கோ! விடுங்கோ!"

"என்னத்தை விடுறது?"

வண்டி சரிவில் குறுக்கே ஏறியது. மலைப் பக்கம் சாய வேண்டிய இடம். நாங்கள் இருவரும் இவ்வளவு நேரமும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்ற கலையை ஒரே நேரத்தில் காட்டி, ஒற்றுமையாகப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தோம். வண்டியின் மூக்கு கீழே திரும்பியது. என் கைகளுக்குள் இருந்த இடுப்பு இல்லாமல் போனது. நான் பனியில் பின்பக்கமாக விழுந்தேன். என் ஜாக்கெட்டில் கொளுவியிருந்த கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றது.

எஞ்சினின் சத்தம் நின்ற இடத்தில் அத்தானின் சத்தம் தொடங்கியது. எஞ்சின் நின்றால் என்ன, கீழே இறக்கம் இருக்கிறதே! வண்டி சறுக்கிக்கொண்டு போயிற்று. ரூடி இரண்டு கைகளையும் வாயில் வைத்து, "பிரெம்ஸே! லிங்க்ஸ்! லிங்க்ஸ்!" என்று கத்தினார். பிரேக் இடது கையில் இருக்கிறது என்று அர்த்தம். அத்தானுக்கு அது விளங்காதே என்று, விழுந்து கிடந்த இடத்திலிருந்தே நான் உயிர் போகக் கத்தினேன்.

"அத்தான்! இடது கை! இடது கை!"

அத்தான் இடது கையை உயரத் தூக்கினார்.

தூக்கிய கையை அவர் இறக்கவே இல்லை. ஓர் அரசியல்வாதி திறந்த வாகனத்தில் ஊர்வலம் போவதுபோல, இடது கையை உயர்த்தியபடி எல்லைக்குக் கட்டியிருந்த செம்மஞ்சள் வலையைக் கிழித்துக்கொண்டு கீழே இருந்த உணவகத்தின் திறந்த முற்றத்தை நோக்கிப் போனார். அங்கே சாய்வு நாற்காலிகளில் வெயில் காய்ந்துகொண்டிருந்த சனம், யாரோ தங்களுக்குக் கைகாட்டிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தது. அவர்களும் சந்தோஷமாகக் கைகாட்டினார்கள்.

முற்றத்தின் ஓரத்தில் வழித்துக் குவித்திருந்த பனிக்கும்பம் ஒன்றுதான் அன்று எங்கள் குலத்தைக் காத்தது. வண்டி அதற்குள் மூக்கை விட்டு நின்றது. அத்தான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலால் பறந்து கும்பத்தின் மறுபக்கம் விழுந்து, ஒரு மேசையின் காலடிக்கு உருண்டு போனார். கொஞ்ச நேரத்தில் நானும் பின்பக்கத்தால் சறுக்கிக்கொண்டே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மேசையில் உருக்கிய சீஸும் உருளைக்கிழங்கும். முள்ளுக்கரண்டியை உயர்த்தியபடி ஒரு கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கையில் முழங்கை வரைக்கும் மருதாணி. மேலே பெரிய கறுப்புக் கண்ணாடி. கண்ணாடி மெல்லக் கழன்றது.

அக்கா.

பக்கத்தில் அவளுடைய சிநேகிதி கௌரி. முகத்துக்குப் பூசப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, நான் கொடுத்த அதே சீட்டுகளில் மலையேறி வந்திருக்கிறாள். பொன்னுருக்கிய பின் வெளிக்கிடக் கூடாத மாப்பிள்ளையும், வெளிக்கிடக் கூடாத பொம்பிளையும், ஒருவரையொருவர் பார்க்கவே கூடாத இருவரும், பனிக்குள் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தானின் இடது கை இன்னும் உயர்ந்தே இருந்தது.

"கையை இறக்குங்கோ," என்றாள் அக்கா.

இறக்கினார்.

"நீங்கள் கனடாவில ஓடுறனீங்கள்தானே? பிறகென்ன இது?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

"நான் ஒருநாளும் ஓடேல்லை துளசி," என்றார் அத்தான். "சிநேகிதன் ஒருத்தன் ஓடுறவன். நான் அவன்ர வண்டியில ஏறி நிண்டு படம் எடுத்தனான். அம்மா அதைக் காட்டிக் காட்டி எல்லாருக்கும் கதை சொல்லிப்போட்டா. பிறகு எனக்கு மாத்திச் சொல்லேலாமல் போச்சு."

அப்படியென்றால் இவ்வளவு நேரமும் நான் யாரைப் பார்த்துப் பழகினேன்?

அக்கா முள்ளுக்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் கோபத்தில் கத்தினால் பயமில்லை. பொருட்களை மெதுவாக வைத்தால்தான் பயம்.

"ஒரு வருசமா என்னோட போனில கதைச்சனீங்கள். பனிக்காட்டுக்குள்ள விடியக் காலமை அந்த மெசின் ஓடுறதைப் பற்றி எவ்வளவு வடிவாச் சொன்னனீங்கள்! நான் அதைக் கேட்டுத்தான் ஓமெண்டனான். வேற என்னென்ன பொய் சொன்னனீங்கள்? இப்பவே சொல்லுங்கோ."

மூன்று நாடுகளிலிருந்து சனம் வந்து இறங்கியிருக்கிறது, மண்டபம் சோடித்தாயிற்று, பொன் உருகியாயிற்று. ஒரு கல்யாணம் என்னால் நிற்கப் போகிறது. அதுவரை என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. மலையிலிருந்து விழுந்தபோதுகூட.

அத்தான் பனியில் உட்கார்ந்தபடியே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆரம்பித்தார். "சமைப்பன் எண்டது பொய். முட்டை பொரிப்பன், அவ்வளவுதான். உயரம் அஞ்சடி எட்டு எண்டது சப்பாத்தோட. நாய் வளக்கிறன் எண்டது பக்கத்து வீட்டு நாய். ஜிம்முக்குப் போறன் எண்டது... போனனான், சேர்ந்த அண்டைக்கு மட்டும்."

"இவனோட ஏன் ஏறினீங்கள்? பயமெண்டு சொல்லியிருக்கலாமே."

"பயமெண்டு சொன்னா உம்மட தம்பி உம்மிட்டை வந்து சொல்லிப்போடுவார் எண்டு பயம்."

அத்தான் எழும்பப் பார்த்தார். வலது கால் நிலத்தில் பட்டதும் "அம்மா!" என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு இறங்கி, பனியில் முழங்காலிட்டு, மருதாணிக் கையால் அவருடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். கணுக்கால் வீங்கிப் பணியாரம் மாதிரி இருந்தது.

"நான் ஸ்கீ ஓடுறனான் எண்டு உங்களுக்குப் படம் அனுப்பினனானெல்லோ," என்றாள் குனிந்தபடியே.

"ஓம்."

"வாடகைச் சப்பாத்து. படம் எடுத்திட்டு அப்பவே கழட்டிக் குடுத்திட்டன்."

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அத்தானுக்கு வலியில் கண்ணீர் வந்தது, அக்காவுக்கு எதில் வந்ததோ தெரியாது. "இனி எங்கட வீட்டில பொய் சொல்லுறேல்லை," என்று அத்தான் அவளுக்கு அங்கேயே வாக்குக் கொடுத்தார். ரூடி மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தார். ஓட்டத்தைப் பற்றியோ கிழிந்த வலையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. அத்தானை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "கனடா," என்று தலையை ஆட்டினார்.

கேபிள் காரில் இறங்கிக்கொண்டிருந்தபோது அம்மா மறுபடியும் அழைத்தார்.

"எங்க நிக்கிறாய்?"

"சூரிச்சில அம்மா. தலைப்பாகைக் கடையில."

"தலைப்பாகைக் கடைக்குள்ள என்னடா ஸ்னோ?"

முற்றத்தில் யாரோ எங்கள் தமிழ் ஆள் ஒருவர் எல்லாவற்றையும் காணொளி எடுத்திருக்கிறார். அது அங்கிருந்து கனடாவுக்குப் போய், கனடாவில் ஒரு பெரியம்மாவின் நித்திரையைக் குழப்பி, அவரிடமிருந்து எம்மன்புரூக்கேக்கு வந்து சேர்ந்துவிட்டது. நாங்கள் இன்னும் பாதி மலைகூட இறங்கவில்லை. அம்மா தொடர்ந்து சொன்னவற்றை அச்சில் போட முடியாது. "பக்கத்தில அவளும் நிக்கிறாளோ?" என்று கடைசியாகக் கேட்டபோது, நான் முதல் தடவையாக, "தெரியாது" என்றேன்.

சுளுக்குத்தான் என்றார் வைத்தியர். கட்டுப் போட்டு, அதிகம் நடக்க வேண்டாம் என்று அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் நான் மாப்பிள்ளையின் கால் கழுவினேன். ஒரு காலில் கழுவ ஐந்து விரல் நுனிகள்தான் வெளியே இருந்தன. குனியும்போது எனக்கு இடுப்பு நாரியிலிருந்து கழுத்து வரைக்கும் மின்னல் அடித்தது. பின்பக்கத்தால் மலையிறங்கியவன் சம்மணம் கொட்டி மணவறையில் இருப்பதென்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தாலி கட்டியாகி அக்கினியை வலம் வரும்போது அத்தான் நொண்டினார். அக்கா அவருடைய கையை இறுக்கிப் பிடித்து, பாரத்தைத் தன் பக்கம் வாங்கி, மூன்று சுற்றும் நடத்தினாள். "பாருங்கோ, இப்பவே என்ன மாதிரித் தாங்குறாள்!" என்று தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமி பின்னாலிருந்து மூக்கைச் சிந்தினார். அவருக்கு மட்டும் அந்தக் காணொளி போய்ச் சேரவில்லை போலும்.

இப்போது அவர்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மகள், என் மருமகள். எங்கள் குடும்பத்தில் எங்கே குழுப்படம் எடுத்தாலும் எல்லோரும் இடது கையைத் தூக்குகிறார்கள். கல்யாணம், பிறந்தநாள், ஒரு தடவை செத்தவீட்டிலும் யாரோ பழக்கதோசத்தில் தூக்கிவிட்டார்கள். போன மாதம் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும்போது மருமகள் கேட்டாள்.

"மாமா, அந்த ஸ்னோமொபைலை உண்மையா ஆர் ஓடினது? நீங்களோ, அப்பாவோ?"

அவளுக்குப் பின்னால் நின்ற அத்தான் எனக்கு இரண்டு கைகளையும் கூப்பினார். அந்த வீட்டில் பொய் சொல்வதில்லை என்று மலையில் வைத்து அக்காவுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். எனக்கு அப்படி ஒரு வாக்கும் இல்லை.

"நான்தான் ராசாத்தி ஓடினது," என்றேன். "அப்பா பாவம், பின்னால சும்மா இருந்தவர்."

திரைக்கு வெளியே, குசினிப் பக்கமிருந்து அக்காவின் சிரிப்புக் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, "பிள்ளை, அப்பாவிட்டச் சொல்லு, முட்டை பொரிக்கிற நேரமாச்சு எண்டு," என்றாள்.